குசினி வெளிச்சம் லொறிக்குப் பின்னால் போன கதை

என் அப்பா சோமசேகரம் பாலையூற்றில் பிறந்த அன்று பக்கத்து வீட்டுப் பசுவும் கன்று போட்டதாம். ஊர்ச்சனம் முதலில் கன்றைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்க்க வந்ததாம். அன்றைக்கு அவர் வீரிட்டு அழுதது பசியால் அல்ல, பொறாமையால்தான் என்பது அம்மாவின் கட்சி. அம்மா அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவர், சொல்ல உரிமை உண்டு.

அடுத்த வீட்டு முருங்கை காய்த்தால் அப்பா எங்கள் முருங்கையை முறைப்பார். தேர்த் திருவிழாவில் தனக்கு முன்னால் வடம் பிடித்தவனை அடுத்த திருவிழா வரைக்கும் மறக்கமாட்டார். கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் மாலை ஏன் அவ்வளவு பெரிசு என்று கேட்பார். "உங்களுக்கும் ஒண்டு கட்டித் தரட்டோ?" என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

தொழிலில் மட்டும் அவருக்கு யார் மீதும் பொறாமை இருந்ததில்லை. காரணம், வேறு ஆள் இருந்ததில்லை. உள்துறைமுக வீதியில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில், அதுதான் அவருடைய கடை. அவர் வாகன வயர்மன். சண்டை தொடங்கிய பிறகு நல்ல வாகனம் வைத்திருந்தவர்கள் அதிலேயே ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியதெல்லாம் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், அப்பாவின் வயதுக்குக் கிட்ட வரும் லொறிகள். துறைமுகத்து உப்புக் காற்று அவற்றின் வயர்களுக்குள் புகுந்து செம்பைப் பச்சையாக்கிவிடும். முன் விளக்கு எரியாவிட்டால் ஓடிவருகிறவர்கள், பின்னுக்கு எடுக்கும்போது எரிகிற வெள்ளை விளக்கைச் செத்தவீட்டுக்கு வராத சொந்தக்காரனைப் போல மறந்துவிடுவார்கள். ரிவேர்ஸ் லைற் இருந்த இடத்தில் குளவி கூடு கட்டியிருக்கும்.

அப்பாவுக்கு அந்த விளக்கில்தான் பிரியம். குளவிக்கூட்டைத் தட்டி, துருவைச் சுரண்டி, உள்ளே இருக்கும் வெள்ளித் தட்டைச் சாம்பல் போட்டு மினுக்குவார். செத்த வயரை உருவி எறிந்துவிட்டுப் புது வயரைச் சட்டத்தோடு ஒட்டி, புகைக்குழாயின் சூட்டில் படாமல் கொண்டுபோவார். வயரில் சுற்றுகிற ஒட்டு ரேப் கிடைக்காத காலத்தில் தூண்டில் நூலுக்கு மெழுகு பூசி, சாண் இடைவெளியில் முடிச்சுப் போட்டுக் கட்டுவார். அந்த முடிச்சைப் பார்த்தாலே அது சோமசேகரத்தின் வேலை என்று தெரியும். தெரியவேண்டும் என்பதற்காகத்தான் போடுகிறார்.

தொண்ணூற்றாறாம் வருடம் அந்த விளக்குக்கு யோகம் அடித்தது. கிண்ணியாத் துறையில் வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவையில், எங்கள் பேச்சில் பாதையில், லொறிகள் பின்பக்கமாகத்தான் ஏறவேண்டும். அப்படி ஏறினால்தான் அக்கரையில் நேராக இறங்கலாம். பின்னால் வெள்ளை விளக்கு எரியாத லொறியை இனி ஏற்றவிடமாட்டோம் என்று துறையில் காவலுக்கு நின்ற ஆமிச் சென்றி சொல்லிவிட்டான். அந்தக் கிழமை அப்பாவின் கடை முன்னால் கிழட்டு லொறிகள் வரிசையில் நின்றன. அப்பா அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்த விதத்தைப் பார்க்கவேண்டும். தேர்முட்டியில் நிற்கிற சாமி கூட அப்படிப் பார்க்காது.

அடுத்த மாதம் வீதிக்கு அந்தப் பக்கம் பாயிஸ் கடை திறந்தான்.

பாயிஸ் கிண்ணியாப் பொடியன். குவைத்தில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்தவன். நான் அவனை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் இது அப்பாவின் கதை, ஆகையால் அவன் என்றே எழுதுகிறேன். அவன் கடையில் பெயின்ற் அடித்த பலகை, கரண்ட் பார்க்கிற மஞ்சள் மீற்றர், வருகிறவர்களுக்கு இரண்டு கதிரைகள். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவான். அதனால் அவனிடம் வயரும் இருந்தது. அந்தக் காலத்தில் வயரும் பற்றரியும் கையிலே வைத்திருக்கிற தமிழ் பேசுகிறவனை செக்பொயின்றில் யாரும் வயர்மன் என்று நினைப்பதில்லை. அப்பாவை ஒருதரம் ஒரு சுருள் வயரோடு பிடித்து வெயிலில் உட்கார வைத்தார்கள். அதோடு அவர் வயர் வாங்கப் போவதை விட்டுவிட்டார், பழைய வண்டிகளில் உருவியதை ஒட்டி ஒட்டிச் சமாளித்தார். பாயிஸோ நேரே போய், "மாத்தையா" என்று தொடங்கி, சிரிக்க வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, அவன் கொண்டுவந்த பாட்டுப் பெட்டி. சோப்புப் பெட்டி அளவு. வாகனம் பின்னுக்குப் போனால் கீச்சுக் குரலில் ஒரு மெட்டுப் பாடும். நகரத்து வான்காரர்கள் எல்லாரும் அதைப் பூட்டிக்கொண்டார்கள். தேவையில்லாமல் பின்னுக்குப் போனார்கள்.

"லைற் எண்டா கண்ணுக்கு. பாட்டு எதுக்கு? பின்னால நிக்கிறவன் ஆடவோ?" என்றார் அப்பா.

அவர் வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்யத் தொடங்கினார். பாயிஸை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை என்று காட்டத்தானாம். மூன்றாம் நாள் ஒரு லொறியின் பக்கக் கண்ணாடியைக் கொட்டில் தூணில் கட்டினார். அதில் வீதிக்கு அந்தப் பக்கம் முழுதும் தெரியும். "ஏனப்பா கண்ணாடி?" என்று கேட்டேன். "தலை இழுக்க" என்றார். அவருக்கு இழுக்க அவ்வளவு தலைமயிர் இல்லை.

கண்ணாடி போதாதபோது என்னை அனுப்புவார். "வதனி, போய் நெருப்புப் பெட்டி கேக்கிற மாதிரிக் கேட்டிட்டு, என்ன செய்யிறான் எண்டு பாத்திட்டு வா." நான் போய் பாயிஸ் நானாவோடு கதைத்துவிட்டு, வந்து மனதில் தோன்றியதைச் சொல்லுவேன். ஒருநாள், "அங்க ஒரு மொரிஸ் காருக்குப் பன்ரெண்டு லைற் பூட்டுறார்" என்றேன். அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு நாள், "உங்கட முடிச்சைப் பாத்துப் பெருமூச்சு விட்டவர்" என்றேன். அன்றைக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார். கண்ணாடியை ஒருதரம் நைஸாகத் திருப்பி, வேலியில் கட்டியிருந்த ஆட்டைக் காட்ட வைத்தேன். அவர் அரைநாள் அந்த ஆட்டை முறைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் முஹம்மது தம்பி மாமாவின் ஒஸ்டின் லொறி வந்தது.

முஹம்மது தம்பி மாமா கிண்ணியாவுக்கும் நகரத்துக்கும் வெங்காயமும் அரிசியும் ஏற்றுகிறவர். அப்பா முதன்முதலாகத் தனியாக வயர் போட்ட வண்டி அந்த லொறிதான். அன்றிலிருந்து வேறொருவரின் கை அதில் பட்டதில்லை. உலகத்தில் அப்பா பொறாமைப்படாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான். அண்ணன் என்ற பொருளில் அவரைக் காக்கா என்றுதான் அப்பா கூப்பிடுவார். ஊர் இரண்டுபட்ட காலத்திலும் இருவரும் ஒரு நாளும் கதைக்காமல் விட்டதில்லை.

லொறி பிறந்தபோது அதற்கு ரிவேர்ஸ் லைற்றே இல்லை. அதுவரைக்கும் தெரிந்த சென்றி ஒருவன் கண்டும் காணாமல் ஏற்றவிட்டான், அவன் மாற்றலாகிப் போனதும் அதுவும் நின்றது. அப்பா உடைந்த ஹில்மன் காரின் விளக்கு ஒன்றைக் கழற்றி மினுக்கினார். பின்னுக்கு எடுக்கிற கியரைப் போட்டால் தானாக எரியவேண்டும், அதற்கு சுவிச் இல்லை. வீட்டு வாசலில் மணி அடிக்க அமத்துகிற பொத்தானைக் கியர்த் தடியின் அடியில் வைத்துப் பூட்டினார். தடி பின்னுக்கு வந்தால் பொத்தானை அமத்தும், விளக்கு எரியும். எல்லாம் சரி. பொத்தானிலிருந்து லொறியின் வால் வரைக்கும் போக வயர் இல்லை.

வீதிக்கு அந்தப் பக்கம் உருளை உருளையாக வயர் இருந்தது. கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது.

அன்று பின்னேரம் அப்பா வீட்டுக்கு வந்து கதிரையில் ஏறி, அம்மா சமைக்கிற குசினியின் விளக்குக்குப் போகிற வயரை உருவினார்.

"உலகத்தில எந்த மனிசனாவது வீட்டை இருட்டாக்கிப்போட்டு லொறிக்குப் பின்னால விளக்கு வைப்பானோ?" என்றார் அம்மா.

"கொஞ்ச நாள் பொறு புஸ்பம். வயர் வந்தோண்ண திருப்பிப் போடுறன்."

"ரோட்டுக்கு அங்கால கிடக்கே. ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சிடுமோ?"

"அவனிட்டயோ? நான் செம்பைப் பல்லால இழுத்து வயர் செய்வன். அவனிட்டக் கேக்கமாட்டன்."

இதில் ஒரு விசயம் இருக்கிறது. வாகனத்து வயருக்குள் மயிர் மாதிரிப் பல செம்பிழைகள் இருக்கும். குலுங்கினால் வளைந்து கொடுக்கும். வீட்டு வயருக்குள் தடித்த கம்பி ஒன்றுதான். சுவரில் சும்மா கிடக்கத்தான் அது சரி, லொறியில் போட்டால் குலுங்கிக் குலுங்கி ஒருநாள் முறியும். இது அப்பாவுக்குத் தெரியாதா? எனக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் போட்டார். முடிச்சுகளை மட்டும் வழமையைவிட நெருக்கமாகப் போட்டார்.

குசினியில் மண்ணெண்ணெய் விளக்கு வந்தது. நான் அதற்கு மேல் லொறியின் சிவப்புப் பின்விளக்குக் கண்ணாடி ஒன்றைக் கவிழ்த்துவிட்டேன். சோறு, கறி, அம்மாவின் முகம் எல்லாம் சிவப்பு. "பிறேக் பிடிச்ச குசினி" என்றேன். அம்மா அகப்பையை எடுத்தார், நான் ஓடினேன். ஆனால் கண்ணாடியை அவர் எடுக்கவில்லை. விளக்கு காற்றில் அணையாமல் இருந்ததாம்.

ஒருநாள் வெங்காயம் கொண்டுவந்த முஹம்மது தம்பி மாமா குசினியை எட்டிப் பார்த்து, "என்ன மகள், ஊட்டுக்குள்ள நாடகமா?" என்று கேட்டார். நான் அப்பா கதிரையில் ஏறியது, வயரை உருவியது, அம்மா கத்தியது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அவர் தொப்பி கழலச் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. வெங்காயத்தை வைத்துவிட்டுத் தேத்தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை காலை, அப்பா கண்ணாடியைப் பார்த்தபடி கையில் இருந்த குறட்டைக் கீழே போட்டார். பாயிஸின் கடை முன்னால் ஒஸ்டின் லொறி நின்றது.

"ஆட்டைக் காட்டுறியோ இண்டைக்கும்?" என்று என்னைக் கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். அவர் திரும்பி நேராகவே வீதியைப் பார்த்தார். பாயிஸ் கடை திறந்த நாளிலிருந்து அவர் அப்படித் திரும்பியதில்லை. லொறிதான். பக்கத்தில் முஹம்மது தம்பி மாமா, கதிரையில், கையில் தேத்தண்ணீர்.

அப்பா மறுபடியும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "பாட்டுக்குப் போயிருக்கிறார் காக்கா. வயசுபோன காலத்தில பாட்டுக் கேக்குது" என்றார். கீழே விழுந்த குறட்டை அவர் எடுக்கவேயில்லை. நான் பகிடிவிட வாய் திறந்து மூடிக்கொண்டேன்.

அவர் நினைத்தது சரிதான் என்பது போல, பாயிஸ் அந்தச் சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு லொறியின் பின்னால் குனிந்தான். அப்பாவின் முகம் மெல்ல மலர்ந்தது.

"வதனி, இப்ப பார். புகை வரும்."

இப்போதைய வாகனங்களில் பற்றரியின் மைனஸ் பக்கத்தை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு கட்டுவார்கள். அந்தக் காலத்து ஒஸ்டினில் தலைகீழ், சட்டத்தில் பிளஸ். வண்டியின் உடம்பே பிளஸ் என்பதால் வயர்மன்மார் அதைப் பிளஸ் பொடி என்பார்கள். பல்ப்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், எரியும். பாட்டுப் பெட்டிக்கு அப்படியில்லை, மாறிக் கொடுத்தால் கருகிப்போகும். இது தெரியாமல் வான்களில் பூட்டுகிற மாதிரிப் பூட்டப் போகிறான் என்று அப்பா நம்பினார். நம்பினார் என்பது குறைவு, நேர்த்தி வைத்தார். கண்ணாடியைத் துணியால் துடைத்தார். புகையைத் தெளிவாகப் பார்க்கவேண்டுமே.

பாயிஸ் உள்ளே ஏறிக் கியரைப் போட்டான். லொறி பாடியது. கீச்சுக் குரலில், தாளம் தப்பாமல், முழு மெட்டும் பாடி முடித்து மறுபடியும் தொடங்கியது. வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். புகையே இல்லை.

அப்பா எழும்பினார். உட்கார்ந்தார். மறுபடியும் எழும்பினார்.

"ஏலாது. ஏலவே ஏலாது. பிளஸ் பொடியில எப்பிடிப் பாடும்?"

நேரே வீதியைக் கடந்தால் பத்து அடி. அவர் சைக்கிளை எடுத்துச் சந்தி வரைக்கும் போய், சுற்றிக்கொண்டு, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் போலப் பாயிஸின் கடை முன்னால் காலை ஊன்றினார். நான் நேரே கடந்து முதலே போய் நின்றேன்.

"வாங்க சோமண்ணன், இரிங்க" என்று பாயிஸ் கதிரையைத் துடைத்தான்.

"இருக்க வரேல்ல. இந்தப் பக்கத்தால போனனான்." அப்பாவின் கண் பாட்டுப் பெட்டியிலேயே இருந்தது. "இது பிளஸ் பொடி எண்டு தெரியுமோ தம்பி?"

"உங்கட வேலையப் பாத்தோண்ண தெரிஞ்சிது. அதான் பெட்டிக்கு அடியில சைக்கிள் ரியூப்ப வெட்டி வெச்சன். சட்டத்தில படாது. ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்தன், அவ்வளவுதான்."

சைக்கிள் ரியூப். அப்பா குனிந்து பார்த்தார். அவருடைய முகத்தில் ஓடியது எனக்கு நன்றாகத் தெரியும். அது தனக்கு ஏன் தோன்றவில்லை என்கிற எரிச்சல். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். லொறிக்குக் கீழே நிலத்தில், எங்கள் குசினி வயர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தூண்டில் நூல் முடிச்சுகள் அப்படியே இருந்தன. ஒரு நுனியில் கம்பி முறிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

லொறி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. பாயிஸ் ஓடிப்போய்க் கியரை எடுத்தான்.

"எங்க முறிஞ்சது?" என்று அப்பா கேட்டார்.

"தொறையிலதான்" என்றார் முஹம்மது தம்பி மாமா. "பாதையில ஏத்தப் போனன், லைற் இல்ல. சென்றி திருப்பி அனுப்பிட்டான். வெங்காயம் ரெண்டு நாள் கெடந்திச்சு."

"என்னட்ட ஏன் வரேல்ல காக்கா?"

"வந்து?" மாமா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார். "வந்து செல்லியிருந்தா நீ என்ன செய்வா சோமு? குசினி வயர் முறிஞ்சா அறை வயர உருவுவா. அதுவும் முறிஞ்சா சாமி அறை. ஒன்ட பொண்டாட்டி புள்ள இருட்டுக்குள்ள இருக்கக்குள்ள என்ட லொறி வெளிச்சத்தோட போறதா? ரோட்டக் கடந்து ஒரு முழம் வயர் கேக்கமாட்டா நீ. அதுக்கு நான் கடந்தன்."

அப்பா சைக்கிளின் மணியைத் தேவையில்லாமல் ஒருதரம் அடித்தார். அவருடைய லொறி, அவருடைய முடிச்சு, அவருடைய காக்கா, மூன்றும் மற்றவன் முற்றத்தில் இருந்தன. அவர் இப்போது சைக்கிளை மிதித்துப் போனால் அவை அங்கேயே இருந்துவிடும். அது எனக்குத் தெரிந்தது. நான் அவருடைய சைக்கிளின் பின்சீற்றைப் பிடித்துக்கொண்டேன். பகிடிக்குத்தான்.

"அந்தக் கியர் பொத்தான நான் தொடல்ல அண்ணன்" என்றான் பாயிஸ். "வாசல் மணி சுவிச்சில லைற் எரியிறதை நான் குவைத்திலயும் பாக்கல்ல. வயர் போட்டாச்சு, கட்டல்ல. என்ட கையால கட்டினா அரைக் கட்டை போறதுக்குள்ள தொங்கிரும்."

"முடிச்சுப் போடத் தெரியாதோ?"

"மூணு மாசமாப் பாக்கிறன், வருதில்ல."

"எங்க இருந்து பாத்தனி?"

பாயிஸ் வீதிக்கு அந்தப் பக்கம் தூணில் இருந்த கண்ணாடியைக் கையால் காட்டினான். "நான் உங்களுக்குத் தெரியிறண்டா, நீங்களும் எனக்குத் தெரியிறதுதானே. உங்கட கண்ணும் கையும் வடிவாத் தெரியும். நடுவில ஒருநாள் ஆடு தெரிஞ்சிது."

முஹம்மது தம்பி மாமாவின் தொப்பி மறுபடியும் கழன்றது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பாலையூற்றே கருகியிருக்கும். ஆனால் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுவிட்டார். "நூல் எடுத்துக்கொண்டு வா. மெழுகும்" என்றார்.

லொறிக்குக் கீழே அவர் மல்லாந்து படுத்திருக்க, பாயிஸ் வயரைப் பிடித்துக்கொடுத்தான். அவன் பார்த்துப் பழகிவிடக்கூடாது என்று அப்பா ஒவ்வொரு முடிச்சையும் உடம்பால் மறைத்துக்கொண்டுதான் போட்டார். கடைசி இரண்டு முடிச்சுக்கு மட்டும் மறைக்க மறந்துவிட்டார். அல்லது கை உளைந்திருக்கும். அப்படித்தான் அவர் சொல்லுகிறார்.

அடுத்த நாள் முஹம்மது தம்பி மாமா வந்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "சென்றி என்ன சொன்னவன்?"

"பாட்டக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். இன்னொருக்காப் பின்னுக்கு எடுக்கச் சொன்னான்."

"லைற்றை?"

"லைற்ற அவன் பாக்கவே இல்ல சோமு."

அப்பாவின் முகம் சுருங்கியது. மாமா அதைக் கவனித்துவிட்டு, "அவன் பாட்டக் கேட்டான். நான் ஒன்ட வெளிச்சத்தில பாதைப் பலகையப் பாத்துத்தான் ஏத்தினன்" என்றார். முகம் பாதி விரிந்தது.

அன்று பின்னேரம் பாயிஸ் நானா என்னைக் கூப்பிட்டு அந்தக் குசினி வயரைத் தந்தார். முறிந்த நுனியை வெட்டி, கிறீஸ் போகத் துடைத்து, வட்டமாகச் சுருட்டியிருந்தார். அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துடைச்சும் தந்திருக்கிறானே. ஏன், நான் துடைக்கமாட்டனோ?" என்றார். பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

விளக்கு எரிந்தபோது சுவரில் படிந்திருந்த புகைக்கரி எல்லாம் தெரிந்தது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார்.

"அப்பாடா. அந்தப் பாயிஸ் பொடியன் நல்லா இருக்கோணும்" என்றார்.

அப்பா கதிரையில் நின்றபடியே, குறடும் கையுமாகத் திரும்பினார். "புஸ்பம், இந்த விளக்கைப் பூட்டினது நான்."

"ஓமப்பா, ஓம். நீங்கதான்."

"சுவிச்சும் நான்தான்."

"ஓம் எண்டுறன். இறங்குங்கோ, விழுந்து தொலையாம."

அவர் இறங்கவில்லை. அம்மா இன்னொருதரம் மேலே பார்த்து, இந்த முறை சரியான ஆளுக்கு நல்ல வார்த்தை சொல்லும் வரைக்கும் அங்கேயே நிற்பார் போல இருந்தது. நான் போய்க் கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டுவதற்குத்தான் பிடித்தேன். ஆட்டவில்லை.